பூட்டுக்கு முன்னால் பதிவேடு: கட்டுகிறவர்களுக்கு ஒரு மைன்கிராஃப்ட் சர்வர்

ஒரு தந்தையின் கேள்வி இது: "என் மகனுக்கு 13 வயது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நண்பர்கள் ஐந்தாறு பேரோடு சேர்ந்து மைன்கிராஃப்டில் ஒரு துறைமுக நகரம் கட்டிக்கொண்டிருந்தான். நான்கு மாத வேலை. போன வாரம் இரவோடு இரவாக யாரோ டிஎன்டி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறான். கட்டியதைப் பாதுகாத்து, மேலும் கட்டச் சொல்லி உற்சாகப்படுத்தும் சர்வர்கள் இருக்கின்றனவா? நாங்களே அப்படி ஒன்றை அமைக்க முடியுமா?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மைன்கிராஃப்ட் என்பது பிளாக் எனும் கனசதுரத் துண்டுகளை அடுக்கிக் கட்டும் விளையாட்டு, பலர் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாட இடம் தருவது சர்வர், டிஎன்டி அதில் வரும் வெடி. கேட்ட மாதிரி சர்வர்கள் இருக்கின்றன, அமைக்கவும் முடியும். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அவசர வேலை. சர்வரை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். யாரும் உள்ளே போய்ச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கிளம்ப வேண்டாம். உலகம் இருக்கும் கோப்புறையை அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு, எந்தச் சேவையில் சர்வரை நடத்துகிறார்களோ அங்கே பழைய பேக்கப் ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். பல இடங்களில் தானாகவே எடுத்து வைத்திருப்பார்கள். பையன்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கணினிக்கான ஜாவா பதிப்பில் உலகம் ஒரே கோப்பாக இருப்பதில்லை. 512-க்கு 512 பிளாக் பரப்புக்கு ஒரு கோப்பு என்று துண்டு துண்டாகச் சேமிக்கப்படுகிறது. துறைமுகம் இருந்த துண்டை மட்டும் பழைய நகலிலிருந்து எடுத்து மாற்றி வைத்தால் நகரம் திரும்பி வரும், மற்றவர்கள் வேறிடத்தில் கட்டியதும் அப்படியே இருக்கும்.

இனி கேள்விக்கு வருகிறேன். நான் சில ஆண்டுகளாக ஒரு சிறிய கட்டுமான சர்வரின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். அதில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

அடுத்தவர் கட்டியதை வேண்டுமென்றே உடைப்பதற்கு விளையாடுகிறவர்கள் வைத்திருக்கும் பெயர் கிரீஃபிங். எங்கிருந்தோ ஒரு முகமூடித் திருடன் வந்து செய்வதாகத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். நான் பார்த்தவரை பெரிய சேதம் பெரும்பாலும் உள்ளே இருப்பவர் கையால்தான் நடக்கிறது. சண்டை போட்டுக்கொண்ட நண்பன், நண்பனுடைய தம்பி, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பையன். அதனால் முதலில் கேளுங்கள்: எத்தனை பேருக்கு 'ஆப்' கொடுத்திருக்கிறார்கள்? ஆப் (ஆபரேட்டர்) என்பது சர்வரின் சகல அதிகாரமும் கொண்ட நிலை. நண்பர்கள் நடத்தும் சர்வர்களில் 'நீயும் ஆப், நானும் ஆப்' என்று தேங்காய்ச் சில்லு பகிர்வதுபோல் பகிர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் எந்தப் பூட்டும் பூட்டே அல்ல. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? ஆப் ஒருவரிடம், மிஞ்சிப்போனால் இருவரிடம் இருக்கட்டும். மற்றவர்களுக்கு லக்பெர்ம்ஸ் போன்ற பிளகின் (சர்வரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) வழியாக, தேவையான அனுமதிகளை மட்டும் தனித்தனியாகக் கொடுக்கலாம்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்களா? வாங்காதவர்களும் நுழையட்டும் என்று பல பையன்கள் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்பை அணைத்துவிடுகிறார்கள். 'ஆன்லைன் மோட்' என்று அதற்குப் பெயர். அதை அணைத்தால் வருகிறவர் சொல்லும் பெயரை சர்வர் அப்படியே நம்பிவிடும். உங்கள் மகனின் பெயரைத் தட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உங்கள் மகனாகவே, அவனுடைய ஆப் அதிகாரத்தோடு உள்ளே வரலாம். பெயர் பார்த்து உள்ளே விடும் வைட்லிஸ்ட் இருந்தும் பயனில்லை. அந்த இரவு நடந்தது இதுவாகவே இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். சரிபார்ப்பைத் திரும்பப் போடுங்கள், வைட்லிஸ்ட்டையும் போடுங்கள். ஐந்தாறு பேர் மட்டும் விளையாடும் சர்வருக்கு இவை இரண்டே பெரும்பகுதிப் பாதுகாப்பு.

அடுத்தது பதிவேடு. நான் ஒரே ஒரு பிளகின்தான் போடலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கோர்புரொடெக்ட்டைப் போடுவேன். அது எதையும் தடுக்காது. யார், எந்த நொடியில், எந்த பிளாக்கை வைத்தார், எடுத்தார், எந்தப் பெட்டியைத் திறந்து எதை எடுத்துக்கொண்டார் என்று எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் சுவரைத் தட்டிப் பார்த்தாலே அதன் வரலாறு திரையில் வரும். ஆள் பெயர், எவ்வளவு நேரத்துக்கு முன், எவ்வளவு தூரம் வரை என்ற மூன்றையும் கொடுத்து ரோல்பேக் சொன்னால் அந்த ஆள் செய்தது மட்டும் பின்னோக்கிப் போகும். டிஎன்டி, தீ, வெடிக்கும் பூதமான கிரீப்பர் ஆகியவற்றால் ஆன சேதத்தையும் தனித்தனியே அடையாளம் வைத்துத் திருப்பும். நான்கு மாத நகரம் நாற்பது விநாடியில் எழுந்து நிற்பதைப் பார்த்தால் உங்கள் மகன் வாயைப் பிளப்பான். ஒரே நிபந்தனை, பிளகின் போட்ட நாளிலிருந்துதான் அதற்கு நினைவு உண்டு. திருட்டுப்போன பிறகு கேமரா மாட்டுவதுபோல் இப்போது போட்டால் போன வாரத்துக்கு உதவாது.

பூட்டைவிடப் பதிவேட்டை ஏன் மேலே வைக்கிறேன் என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2014 ஏப்ரலில் அந்நாட்டின் அரசு நில அளவை நிறுவனம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும் என்று, மொத்த டென்மார்க்கையும் மைன்கிராஃப்டுக்குள் ஒன்றுக்கு ஒன்று அளவில் உருவாக்கித் திறந்துவிட்டது. ஏறக்குறைய 43,000 சதுர கிலோமீட்டர், வீடு, சாலை, மரம் எல்லாவற்றோடும். யாரும் வெடி வைக்கக் கூடாது என்று டைனமைட்டை முன்கூட்டியே தடை செய்திருந்தார்கள். ஆனால் விளையாட்டில் டிஎன்டி ஏற்றிய சுரங்கத் தள்ளுவண்டி என்று தனியாக ஒரு பொருள் இருக்கிறது. அது தடைப் பட்டியலில் இல்லை. சில நாட்களிலேயே சிலர் அந்த வண்டிகளைக் கொண்டு சில பகுதிகளைத் தகர்த்து, இடிபாடுகளின் மேல் அமெரிக்கக் கொடியை நட்டுவிட்டுப் போனார்கள். உலகச் செய்தியானது. நிறுவனம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களிடம் அசல் தரவு இருந்தது. இடிந்த பகுதியைத் திரும்ப வரைந்துகொள்ளலாம்.

'இது கூடாது, அது கூடாது' என்று தடைப் பட்டியல் போடுகிறவர் எப்போதும் ஒரு தள்ளுவண்டியை மறந்துவிடுவார். டிஎன்டியை நிறுத்தினால் எரிமலைக் குழம்பு வாளி இருக்கும். அதையும் நிறுத்தினால் சிக்கிமுக்கிக் கல்லும் மரவீடும் இருக்கும். பாதுகாப்பு எல்லைக்கு வெளியிலிருந்து பிஸ்டனால் பிளாக்கை உள்ளே தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எதிரி வெளியே மட்டும் இல்லை. எங்கள் சர்வரில் நானே ஒரு முறை வேர்ல்ட்எடிட்டோடு விளையாடப் போனேன். மரக்கோடரியால் இரண்டு மூலைகளைத் தொட்டு, நடுவில் இருப்பதை ஒரே கட்டளையில் மாற்றும் கருவி அது. ஒரு மூலையை நேற்றுத் தொட்டதோடு மறந்துவிட்டேன். புல்லை மணலாக்கப் போய், இருநூறு பிளாக் தள்ளி இருந்த ஒருவரின் மாடித்தோட்டம் முழுவதும் பாலைவனமாகிவிட்டது. அதைக் கவனிக்கும் முன் சர்வரை ரீஸ்டார்ட் வேறு செய்திருந்தேன். வேர்ல்ட்எடிட்டின் 'அன்டூ' நினைவு அதோடு போய்விட்டது. கோர்புரொடெக்ட் இருந்ததால் என் பெயரைப் போட்டு என்னையே ரோல்பேக் செய்துகொண்டேன். அந்த அம்மா இன்றும் என்னைப் பார்த்தால் 'மணல் வியாபாரி' என்றுதான் கூப்பிடுகிறார்.

சரி, பூட்டுகள். விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனம் தரும் அசல் சர்வரில் பாதுகாப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. புதிதாக வருகிறவர் உலகத்தில் தோன்றும் ஸ்பான் புள்ளியைச் சுற்றி 33-க்கு 33 பிளாக் பரப்பில் ஆப் அல்லாதவர்கள் கைவைக்க முடியாது, அவ்வளவுதான். அதுவும் ஓர் ஆப் ஆவது இருந்தால்தான் வேலை செய்யும், வெடியைத் தடுக்காது. மீதி எல்லாம் விளையாடுகிறவர்களே எழுதிக்கொண்டவை. 2010 இறுதியில் தொடங்கிய புக்கிட் என்ற திட்டம் பிளகின் எழுதுவதைப் பரவலாக்கியது. 2014-இல் பதிப்புரிமைத் தகராறில் அது முடங்கியபோது ஸ்பிகாட், பிறகு பேப்பர் என்ற சர்வர் மென்பொருள்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உங்கள் மகன் அமைப்பதாக இருந்தால் பேப்பர் போதும்.

நிர்வாகி கோடு கிழித்துக் காப்பதற்கு வேர்ல்ட்கார்ட் என்ற பிளகின். சந்தை, ஸ்பான், பொதுப் பாலம் போன்ற இடங்களுக்கு அது சரி. தனி ஆள்களின் வீட்டுக்கு எனக்குப் பிடித்தது கிரீஃப்பிரிவென்ஷன். புதிதாக வருகிறவர் முதல் பெட்டியை வைத்த உடனே அதைச் சுற்றி 9-க்கு 9 நிலம் தானாக அவர் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். எதையும் படிக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். அப்புறம் தங்க மண்வெட்டியால் இரண்டு மூலைகளைத் தொட்டு நிலத்தை விரித்துக்கொள்ளலாம். வழக்கமான அமைப்பில் ஒரு மணி நேரம் விளையாடினால் 100 பிளாக் பரப்புக்கு உரிமை சேரும். நேரத்தைச் செலவழித்தவருக்கு நிலம் என்ற அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. நண்பனுக்கு 'டிரஸ்ட்' கொடுக்கலாம். கட்டவா, பெட்டியைத் திறக்கவா, கதவைத் தள்ளவா என்று படிப்படியாகவும் கொடுக்கலாம்.

பொருள்கள் வரம்பில்லாமல் கிடைக்கும் கிரியேட்டிவ் சர்வர்களில் அதிகம் பார்ப்பது பிளாட்ஸ்குவேர்ட். சமதளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவில் சாலை போட்டு, ஆளுக்கொரு மனை. அமைப்பை மாற்றாமல் விட்டால் மனை 42-க்கு 42, சாலை 7 பிளாக் அகலம். பாதுகாப்பு என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அங்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் இருப்பு கொள்வதில்லை. புறநகரில் விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு மாதிரி இருக்கும். ஒரு மனையில் பாதி டிராகன், பக்கத்தில் நான்கு சுவர், அடுத்தது காலி, அதற்கடுத்ததும் காலி. மலை இல்லை, ஆறு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை. துறைமுக நகரம் கட்டிய பையனை இந்த மனைக்குள் அடைத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். கற்றுக்கொள்வதற்கும், ஒரு முகப்பையோ கூரையையோ சோதித்துப் பார்ப்பதற்கும் மனை நல்லது. ஊருக்கு அது ஆகாது.

ஊர் வேண்டும் என்றால் டவுனி இருக்கிறது. 16-க்கு 16 துண்டுகளாக நிலத்தைச் சேர்த்து, மேயர், வரி என்று போகும். பெரிய கூட்டத்துக்குச் சரி, ஆறு பேருக்கு அதிகப்படி.

எந்தப் பூட்டும் இல்லாமல் வாழ்கிறவர்களும் உண்டு. 2010 டிசம்பரில் தொடங்கிய 2பி2டி என்ற சர்வரில் விதி என்பதே கிடையாது. ஸ்பானைச் சுற்றி நிலம் குண்டு விழுந்த மண் மாதிரி இருக்கும். அங்கேயும் அற்புதமாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரே வழி தொலைவுதான். உலகம் மையத்திலிருந்து ஒவ்வொரு திசையிலும் 3 கோடி பிளாக் விரிகிறது. லட்சக்கணக்கான பிளாக் நடந்து போய் யாருக்கும் சொல்லாமல் கட்டுகிறார்கள். 2018 முதல் 2021 வரை ஒரு குழு, சர்வர் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையைப் பிடித்து, யார் எங்கே நடமாடுகிறார் என்பதை ரகசியமாகக் கண்காணித்தது. ஒளிந்திருந்த எத்தனையோ தளங்கள் அதில் அகப்பட்டன. ஒளித்துக் கட்டுவதில் இன்னொரு வருத்தம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது.

நீங்கள் கேட்ட இரண்டாம் பாதி, அதாவது உற்சாகப்படுத்துவது, எனக்கு இங்கேதான் தொடங்குகிறது. கட்டுகிறவர்கள் ஒரு சர்வரை விட்டுப் போவதற்குக் காரணம் எப்போதும் கிரீஃபிங் அல்ல. உலகத்தை அழித்துப் புதிதாகத் தொடங்குவதும், கட்டியதைப் பார்க்க ஆள் வராததும் அதைவிட அதிகமாக ஆள்களைத் துரத்துகின்றன.

உலகத்தை ஏன் அழிக்கிறார்கள்? புதிய பதிப்பு வந்தால் புதிய தாதுக்களும் நிலங்களும் பழைய உலகத்தில், ஏற்கெனவே நடந்து திறந்த பகுதிகளில் இருக்காது. தோண்டித் தோண்டி நிலமும் சல்லடையாகியிருக்கும். இதற்கு எளிய தீர்வு உண்டு. கட்டுவதற்கு ஓர் உலகம், தோண்டுவதற்கு இன்னொன்று. தோண்டும் உலகத்தை மாதாமாதம் அழித்துப் புதுப்பியுங்கள். கட்டும் உலகத்தை மட்டும் அழிக்கவே மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'இது நிற்கும்' என்று தெரிந்த பிறகுதான் ஒருவர் கூரைக்கு அடியில் உத்தரம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.

பார்க்க ஆள் வர என்ன செய்யலாம்? டைன்மேப் அல்லது புளூமேப் போட்டால் உலகம் முழுவதும் இணைய உலாவியில் வரைபடமாகத் தெரியும்; புளூமேப் முப்பரிமாணத்திலேயே காட்டும். விளையாடத் தெரியாத நீங்களும் அலுவலக இடைவேளையில் மகனின் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். நல்ல கட்டுமானங்களுக்கு ஸ்பானிலிருந்து நேரே போக ஒரு வார்ப் (ஒரே கட்டளையில் அங்கே கொண்டுபோய் விடும் வழி) வையுங்கள். வாரம் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து ஒருவர் கட்டியதை நடந்து பாருங்கள். நாங்கள் இதை ஞாயிறு மாலையில் செய்கிறோம். பரிசுப் போட்டி வைத்த காலத்தைவிட இதில்தான் அதிகம் கட்டப்படுகிறது. போட்டி வைத்தால் கடைசி நாளுக்குள் முடியும் அளவுக்கு மட்டும் கட்டுகிறார்கள். போதாக்குறைக்கு நடுவர் யார் என்ற சண்டையும் வரும்.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது 2020 மார்ச்சில் தொடங்கிய பில்ட்தியெர்த். பூமி முழுவதையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் கட்டும் முயற்சி. மலை மேட்டுக்குப் பொதுவில் கிடைக்கும் உயரத் தரவு, சாலைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கட்டடங்களை மனிதர்கள் கட்ட வேண்டும், நாடு வாரியாகக் குழுக்கள். அங்கே எல்லோரும் பார்க்கலாம். கட்ட வேண்டுமானால் முதலில் எதையாவது கட்டிக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதே மாதம் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு மைன்கிராஃப்டுக்குள் தணிக்கையில்லா நூலகத்தைத் திறந்தது. பிளாக்வொர்க்ஸ் என்ற மைன்கிராஃப்ட் கட்டுமானக் குழுவின் ஏற்பாட்டில் 16 நாடுகளைச் சேர்ந்த 24 பேர் சுமார் 1.25 கோடி பிளாக்குகளால் கட்டிய பிரம்மாண்டமான கட்டடம். சில நாடுகளில் தடை செய்யப்பட்ட கட்டுரைகள் உள்ளே புத்தகங்களாக இருக்கின்றன. வருகிறவர் படிக்கலாம், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இதைவிட எனக்குப் பிடித்தது, மொத்த உலகத்தையும் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று விட்டதுதான். ஆயிரம் பேர் கணினியில் நகல் இருக்கும் கட்டடத்தை எந்த வெடி என்ன செய்துவிடும்? உங்கள் மகனும் நண்பர்களும் மாதம் ஒரு முறை உலகத்தின் நகலை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளட்டும். நகல் எடுக்கும்போது சர்வர் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது எடுத்தால் பாதி எழுதிய கோப்பு வந்துவிடும்.

சொந்தமாக அமைக்காமல் ஏற்கெனவே இருக்கும் சர்வரில் சேர்வதாக இருந்தால், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். கடைசியாக எப்போது உலகத்தை அழித்தார்கள், உடைந்தால் எவ்வளவு நேரத்தில் திருப்பித் தருகிறார்கள் என்ற இரண்டையும் அங்கே விளையாடும் யாரிடமாவது கேளுங்கள். பாதுகாப்பைக் காசுக்கு விற்கும் இடமென்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் 2013-இல் ஸ்டூவர்ட் டங்கன் என்ற கனடியத் தந்தை தொடங்கிய ஆட்கிராஃப்டைப் பற்றிப் படியுங்கள். பொதுச் சர்வர்களில் கேலிக்கும் கிரீஃபிங்குக்கும் ஆளான ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக, விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள் மட்டும் வரும்படி அமைத்தது.

நண்பர்களில் சிலர் கைபேசியில் விளையாடினால் அது பெட்ராக் பதிப்பு. கெய்சர் என்ற பிளகின் போட்டால் அவர்களும் ஜாவா சர்வருக்குள் வரலாம். தனியாக பெட்ராக் சர்வர் நடத்துவதாக இருந்தால், புதிதாக வருகிறவரின் நிலையை 'மெம்பர்' என்பதிலிருந்து 'விசிட்டர்' என்று மாற்றிவிடுங்கள். அப்புறம் நீங்கள் உயர்த்தும் வரை சுற்றிப் பார்க்கத்தான் முடியும், ஒரு பிளாக்கைத் தொட முடியாது. காசில்லாத நண்பர்களுக்காகத்தான் கணக்குச் சரிபார்ப்பை அணைத்தார்கள் என்றால், திருட்டுப் பிரதிக்குப் பதிலாக, இதேபோல் பிளாக் அடுக்கும் லுவான்டியைப் பார்க்கலாம். 2024 வரை மைன்டெஸ்ட் என்று இருந்தது. முழுக்க இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதன் சில சர்வர்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதியவருக்கு உலகத்தைத் தொடும் உரிமையையே தரமாட்டார்கள். விதிகளைப் படித்து, சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் கிடைக்கும்.

பேக்கப் கிடைத்ததா, எந்தப் பதிப்பு, ஆன்லைன் மோட் அணைந்திருந்ததா என்ற மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். பேக்கப்பே இல்லையென்றால் நண்பர்களின் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். துறைமுகத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தால், படகுத்துறை எந்த மரத்தில் இருந்தது என்பதில்தான் முதல் சண்டை வரும்.